பருமனான பிள்ளைகளுக்கு இரத்த அழுத்தம்: பள்ளி முகாமில் 138/88 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்

காவிரிக்கரை | 14 ஜூன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 13 வயது நிறைந்து இரண்டு மாதம் ஆகிறது. உயரம் 158 செ.மீ., எடை 79 கிலோ. சென்ற வாரம் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் அவனுக்கு இரத்த அழுத்தம் 138/88 என்று ஒரு சீட்டில் எழுதி, ‘மருத்துவரை அணுகவும்’ என்று முத்திரை குத்திக் கொடுத்தனுப்பினார்கள். பதறிப்போய் அன்று மாலையே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே 142/90 வந்தது. மறுநாள் காலை மாமனார் தமக்காக வாங்கி வைத்திருக்கும் எந்திரத்தில் பார்த்தபோது 134/84.

இப்போது வீட்டில் மூன்று கட்சிகள். பருமனான பிள்ளைக்குச் சற்று ஏறித்தான் இருக்கும், வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்கிறார் மாமனார். மாத்திரை தொடங்கிவிடலாமா என்று கேட்கிறார் கணவர். மருத்துவமனையில் இருந்தவரோ உப்பைக் குறைக்கச் சொன்னாரே தவிர வேறொன்றும் விளக்கவில்லை. பிள்ளைக்கு மயக்கமோ தலைவலியோ எதுவும் இல்லை. இந்த மூன்று எண்களில் எதை நம்புவது, அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வாசல்திண்ணை | 14 ஜூன், இரவு 10.25

சகோதரி, கலங்க வேண்டாம். என் மகளுக்கு ஒன்பது வயது, அவளும் சற்றுப் பருமன்தான். போன மாதம் காய்ச்சலுக்குப் போனபோது 118/76 இருந்தது. 120/80 வரை நார்மல் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கிறது.

நெல்லைக் குழந்தைநல மருத்துவர் | 15 ஜூன், காலை 6.50

இரண்டு பதிவுகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காவிரிக்கரை அவர்களிடம் ஒரு கேள்வி. மூன்று இடங்களிலும் பிள்ளையின் கையில் எந்த அளவுப் பட்டையைக் கட்டினார்கள் என்று கவனித்தீர்களா? நாங்கள் பேச்சில் கஃப் என்று சொல்லும் அந்தப் பட்டைக்குள் காற்று நிரம்பும் பை ஒன்று இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிநடுவில் மேற்கையின் சுற்றளவை அளந்தால், அந்தப் பையின் அகலம் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நீளம் கையை 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வர வேண்டும். பை சிறியதாக இருந்தால் இரத்தக் குழாயை அழுத்தி மூடக் கூடுதல் காற்று தேவைப்படும். எந்திரம் அந்தக் கூடுதலையும் சேர்த்துப் பிள்ளையின் அழுத்தமாகவே காட்டிவிடும். பருமனான பிள்ளைகளிடம் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். சிறு பிள்ளை என்பதால் சிறுவர் கஃப்பை எடுப்பார்கள். அவன் கையோ பெரியவர் கஃப்புக்கும் அடங்காததாக இருக்கும்.

ஆகவே, நாளை ஒரு தையல் நாடாவை எடுத்து அவன் வலது மேற்கையை அளந்து சொல்லுங்கள். 27 முதல் 34 செ.மீ. வரை என்றால் பெரியவர்களுக்கான சாதாரண கஃப் போதும். 35 முதல் 44 வரை என்றால் பெரிய அளவு கஃப் வேண்டும். அதற்கும் மேல் போனால் தொடைக்கான கஃப்பைக் கையில் கட்டுவோம்.

அடுத்து, வாசல்திண்ணை ஐயா அவர்களுக்கு. உங்கள் பதிவைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. வேறு விதமாகச் சொல்ல வழி தெரியவில்லை. 120/80 என்பது 13 வயது முடிந்தவர்களுக்கான கோடு. 13 வயதுக்குக் கீழே வயது, பால், உயரம் மூன்றையும் வைத்துத்தான் அளவைப் பார்க்கிறோம். அதே உயரமும் வயதும் உள்ள நூறு பிள்ளைகளை அழுத்தத்தின் வரிசையில் நிறுத்தினால் நம் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. தொண்ணூறாவது இடத்தைத் தொட்டால் உயர்ந்த அழுத்தம். தொண்ணூற்றைந்தைத் தொட்டால் மிகை இரத்த அழுத்தத்தின் முதல் நிலை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அவசரத்துக்குப் பார்த்துக்கொள்ளச் சுருக்கமான அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி ஒன்பது வயதுச் சிறுமிக்கு 108/71ஐத் தொட்டாலே மீண்டும் ஒழுங்காக அளந்து, உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு 118/76. காய்ச்சலில் எடுத்த ஒற்றை அளவு என்பதால் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நார்மல் என்று ஒதுக்கவும் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

வார்டு ஏழு | 15 ஜூன், மதியம் 2.15

நான் செவிலியர், பதினெட்டு ஆண்டுகளில் பள்ளி முகாம்களுக்குப் பல முறை போயிருக்கிறேன். டாக்டர் சொன்ன கஃப் விஷயத்தில், முகாமில் உண்மையில் நடப்பதைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முந்நூறு பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டும். பெட்டியில் இருப்பவை இரண்டு கஃப்கள்: ஒன்று சிறுவர் அளவு, மற்றொன்று பெரியவர் அளவு. பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலிருந்து ஓடி வந்து வரிசையில் நிற்பார்கள். பருமனான பிள்ளையை எடைக்கருவியில் ஏற்றும்போது பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை முகம் சிவந்து, அடுத்த மேசைக்கு வந்து கையை நீட்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கயிறு போல் இறுக்கும். கஃப்பைச் சுற்றினால் ஒட்டும் பட்டி விளிம்பில் இரண்டு விரல் அளவுக்குத்தான் பிடிக்கும். காற்று ஏற ஏறப் ‘பர்ர்’ என்று பிரிந்துகொள்ளும். அப்போது துணைக்கு ஒருவர் கஃப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள நாங்கள் அளவு எடுத்ததும் உண்டு. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த எண்களையும் சீட்டில் எழுதித்தான் கொடுத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாம் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்: 110/70, 120/80, 100/60 என்று எல்லாம் பூஜ்யத்தில் முடியும். காதால் கேட்டு அளக்கும்போது காற்றை நொடிக்கு 2 அல்லது 3 அலகு வீதம் மெதுவாக இறக்கினால்தான் 114, 118 என்ற எண்கள் கிடைக்கும். வேகமாகத் திறந்துவிட்டால் அருகிலுள்ள பத்தைத்தான் எழுத முடியும்.

முறையான அளவு என்றால், பிள்ளையை முதுகு சாய்த்து உட்கார வைத்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றச் சொல்லி, மூன்று முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க விட வேண்டும். கை, மார்பின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். வலது கையில்தான் எடுக்க வேண்டும். அட்டவணைகள் வலது கை அளவை வைத்தே தயாரானவை என்பதோடு, பெருந்தமனியில் பிறவிச் சுருக்கம் இருந்தால் இடது கையில் தவறாகக் குறைத்துக் காட்டவும் கூடும்.

மறுகரை | 15 ஜூன், இரவு 8.05

எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால் சற்று எதிர்த்துப் பேசுகிறேன். அறிகுறியே இல்லாத பிள்ளைகளுக்கு இப்படி ஊரெங்கும் அளவெடுப்பதால் நன்மை உண்டா? அமெரிக்காவிலேயே நோய்த்தடுப்புப் பணிக்குழு என்று ஒன்று இருக்கிறது. 3 முதல் 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்த அழுத்தம் சோதிப்பதில் நன்மை கூடுதலா தீமை கூடுதலா என்று முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அது 2020இல் அறிவித்தது. ஐரோப்பியர்கள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 16 வயது முதல் பெரியவர்களுக்கான 140/90 என்ற கோட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே 16 வயதுப் பையன் ஒருவனுக்கு 134/82 இருந்தால் அமெரிக்கக் கணக்கில் அவன் நோயாளி, ஐரோப்பியக் கணக்கில் நோயாளி அல்லன். விமானத்தில் ஏறி இறங்கினால் நோய் வந்து போகுமா? மேலும், 2017 அட்டவணையைத் தயாரித்தபோது பருமனான பிள்ளைகளின் அளவுகளை நீக்கிவிட்டார்கள். ஒல்லியான பிள்ளைகளின் அளவை வைத்துப் பருமனானவனை எடைபோடுவது என்ன நியாயம்?

நெல்லைக் குழந்தைநல மருத்துவர் | 16 ஜூன், காலை 7.20

நல்ல கேள்விகள். பணிக்குழுவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் ‘ஆதாரம் போதவில்லை’ என்பதை ‘பயனில்லை’ என்று படிக்கக் கூடாது. பிள்ளைப் பருவத்தில் அளவெடுத்துச் சிகிச்சை தந்தால் ஐம்பது வயதில் மாரடைப்பு குறைகிறதா என்று காட்ட ஓர் ஆய்வு நாற்பது ஆண்டு ஓட வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்ற சிற்றூரில் 1970களில் தொடங்கிய ஆய்வு அதற்கு அருகில் வருகிறது. அங்கே இளம் வயதிலேயே, பெரும்பாலும் விபத்துகளில், இறந்தவர்களின் இரத்தக் குழாய்களைச் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். உயிரோடு இருந்தபோது எடை, அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் எத்தனை கூடியிருந்தனவோ அத்தனைக்கு அத்தனை தமனிச் சுவரில் படிவும் கூடுதலாக இருந்தது. அறிகுறி இல்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தியிருக்கும்.

நீங்கள் சொல்லும் வாதம் எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதைப் பற்றியது. இந்த இழை பருமனுள்ள பிள்ளைகளைப் பற்றியது. சாதாரணப் பிள்ளைக்கு மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும் என்கிற அதே 2017 வழிகாட்டுதல், பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறை மருத்துவரிடம் வரும்போதும் அளக்கச் சொல்கிறது.

அட்டவணையில் பருமனானவர்களை நீக்கியது அநியாயம் அன்று, அதுதான் நியாயம். 2004இல் வந்த முந்தைய அட்டவணையில் அவர்களும் இருந்தார்கள். எடை கூடக் கூட அழுத்தமும் கூடும் என்பதால், அவர்களைச் சேர்த்தால் கோடு மேலே ஏறிவிடும். அப்போது ஏறிய அளவே இயல்பான அளவாகத் தோன்றும். காவிரிக்கரை அவர்களின் மாமனார் சொன்னதும் இதே பிழைதான். பருமனுக்கு அழுத்தம் ஏறும் என்பது உண்மை. அதனால் அது தீங்கற்றது என்பது உண்மையன்று. உடலில் இன்சுலின் மிகுந்தால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், அழுத்தத்தை ஏற்றும் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தையே அழுத்துகிறது. இவற்றில் எதுவும் பிள்ளைக்கு வலிக்காது.

ஐரோப்பியக் கோடும் அமெரிக்கக் கோடும் வேறு என்பது மறுக்க முடியாதது. என் அறையில் 134/82 உள்ள 16 வயதுப் பிள்ளை வந்தால் எந்தப் பெயரைச் சூட்டுவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. இரண்டு கணக்கிலும் அவனைத் திரும்ப வரவழைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

காவிரிக்கரை | 16 ஜூன், இரவு 9.10

டாக்டர் ஐயாவுக்கு நன்றி. தையல் நாடாவால் அளந்தேன். வலது மேற்கை 36 செ.மீ. இருக்கிறது. மாமனாரின் எந்திரத்தோடு வந்த கஃப்பில் 22 முதல் 32 செ.மீ. வரை என்று உள்பக்கம் அச்சிட்டிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்த எந்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்றுதான் அந்த வரியைப் படித்தோம். பள்ளியில் கட்டியதைப் பற்றி மகனைக் கேட்டேன். “நீலக் கலர், குட்டியா இருந்துச்சு, நர்ஸ் அக்கா கையால பிடிச்சுக்கிட்டாங்க” என்றான். வார்டு ஏழு சகோதரி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். அவன் அப்படியே சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காவிரிக்கரை | 12 ஜூலை, மாலை 6.30

இடைப்பட்ட நாட்களில் குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் மூன்று முறை போய் வந்தோம். பெரிய அளவு கஃப் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் எந்திரத்தில் பார்த்துவிட்டு, பிறகு ஸ்டெதாஸ்கோப் வைத்துக் காதாலும் கேட்டார். மூன்று நாட்களின் சராசரி 126/76. முதல் முறை வலது காலிலும் பார்த்தார். கால் அளவு கையைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது, அதனால் பெருந்தமனிச் சுருக்கம் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். சிறுநீர், கிரியாட்டினின், உப்புச் சத்துகள், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கல்லீரல் என்று பரிசோதனைகள் செய்தோம். கல்லீரல் நொதி ஒன்று சற்றுக் கூடுதல். மற்றவை சரியாக இருக்கின்றன.

வாசல்திண்ணை | 12 ஜூலை, இரவு 7.45

நல்லது சகோதரி. ஆக, கஃப்பின் தவறுதான். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. என் மகளுக்கும் மறுபடி பார்த்தோம், 106/66. இந்த இழையை நிம்மதியாக மூடிவிடலாம்.

நெல்லைக் குழந்தைநல மருத்துவர் | 12 ஜூலை, இரவு 10.00

உங்கள் மகளைப் பற்றிய செய்தி மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் கேட்டு வாங்கி அளந்துகொள்ளுங்கள். இழையை மூட வேண்டாம்.

13 வயதுக்கு மேல் 120 முதல் 129 வரை, கீழ் அளவு 80க்குள் என்றால் அது ‘உயர்ந்த அழுத்தம்’. தவறான கஃப் 12 அலகைக் கூட்டிக் காட்டியது; சரியான கஃப் காட்டிய 126உம் இயல்பன்று. முதலில் தேவைக்கு மேல் அஞ்சினோம் என்பதற்காக இப்போது தேவைக்குக் கீழ் அஞ்சுவது முறையாகாது. மாத்திரை இப்போது வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காவிரிக்கரை அவர்களே, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பிள்ளை இரவில் குறட்டை விடுகிறானா? பகலில் வகுப்பில் தூங்கிவிடுவதாக ஆசிரியர்கள் சொன்னதுண்டா?

காவிரிக்கரை | 13 ஜூலை, காலை 6.15

குறட்டை உண்டு. அவன் தாத்தாவைப் போலவே என்று வீட்டில் சிரித்துக்கொள்வோம். சில சமயம் குறட்டை சட்டென நின்று, பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு எழுவது போல் புரண்டு படுப்பான். இதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா?

நெல்லைக் குழந்தைநல மருத்துவர் | 13 ஜூலை, காலை 7.05

உண்டு. உறக்கத்தில் மூச்சு தடைப்படும்போதெல்லாம் உடல் விழித்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றுகிறது. பகலில் மருத்துவர் அறையில் எடுக்கும் அளவில் அது தெரியாது. பருமனோடு இந்தக் குறட்டையும் சேர்ந்திருப்பதால் 24 மணி நேர இரத்த அழுத்தப் பதிவு செய்வது நல்லது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பனங்காடு | 13 ஜூலை, இரவு 9.30

என் மகளுக்குச் சென்ற ஆண்டு இந்தப் பதிவு செய்தோம். அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். இடுப்பில் ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து கழுத்துக்குப் பின்னால் வரும் குழாய், கையில் கஃப். பகலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவில் அரை மணிக்கு ஒருமுறையும் காற்று ஏறியது. ஏறும்போது கையை அசைக்காமல் தொங்கவிட வேண்டும். அசைத்தால் பிழை என்று காட்டி, இன்னொரு முறை ஏறும். பள்ளி நாளில் வைத்தால் உண்மையான அளவு கிடைக்கும் என்றார்கள், ஆனால் தோழிகள் கேலி செய்வார்கள் என்று அவள் அழுததால் சனிக்கிழமை வைத்தோம். படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் ஒரு தாளில் சரியாகக் குறித்துக் கொடுங்கள். நாங்கள் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்ததால் தூக்க நேரக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. கஃப்பின் அளவை அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் சிறியதைத்தான் எடுத்தார்கள்.

எங்களுக்கு வந்த முடிவு நேர்மாறானது. மருத்துவர் அறையில் 134, வீட்டில் நாள் முழுவதும் 115க்குள். வெள்ளை அங்கியைக் கண்டு ஏறும் அழுத்தம் என்று சொல்லி, ஆண்டுதோறும் பார்க்கச் சொன்னார்கள்.

காவிரிக்கரை | 9 ஆகஸ்ட், இரவு 8.50

பதிவு முடிந்து அறிக்கை வந்துவிட்டது. விழித்திருந்த நேரத்தின் சராசரி 127/74, உறங்கிய நேரத்தின் சராசரி 116/68, முழு நாளின் சராசரி 123/72. பகலும் முழு நாளும் எல்லைக்குள்தானே இருக்கின்றன என்று நினைத்தேன். இரவு அளவின் மேல் மருத்துவர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார்.

நெல்லைக் குழந்தைநல மருத்துவர் | 9 ஆகஸ்ட், இரவு 9.40

அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் தந்த கணக்குப்படி, 13 வயதுக்கு மேல் பகல் சராசரி 130/80, முழு நாள் 125/75, உறக்கத்தில் 110/65 ஆகியவை எல்லைகள். மூன்றில் ஒன்று தாண்டினாலும் அது மிகை இரத்த அழுத்தம்தான். உறங்கும்போது அழுத்தம் பகலைவிடப் பத்து சதவீதமாவது இறங்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு 127இலிருந்து 116, அதாவது ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு. மருத்துவர் அறையில் எத்தனை முறை அளந்தாலும் இது அகப்பட்டிருக்காது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், மூச்சு வழியை அடைக்கக்கூடிய அடினாய்டும் டான்சிலும் பார்த்து, உறக்கப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். மாத்திரையைப் பற்றிய பேச்சு அந்த முடிவுக்குப் பிறகு வரட்டும்.

காவிரிக்கரை | 9 ஆகஸ்ட், இரவு 10.20

அதையேதான் எங்கள் மருத்துவரும் சொன்னார். வரும் வியாழக்கிழமை காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். சாப்பாட்டில் அப்பளமும் ஊறுகாயும் தினமும் என்றிருந்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று மாற்றியிருக்கிறோம். மாலையில் பாக்கெட் நொறுக்குத்தீனிக்குப் பதில் சுண்டல். அதில் உப்புப் போதவில்லை என்று மகனைவிட மாமனார்தான் அதிகம் குறைபடுகிறார். அவருடைய கையையும் இன்று அளந்து பார்த்தோம். 34 செ.மீ. இருக்கிறது, அந்த 32 செ.மீ. கஃப்பை வைத்துத்தான் நான்கு ஆண்டுகளாகத் தம் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரிய கஃப் ஒன்று வாங்கி வரக் கணவர் கடைக்குப் போயிருக்கிறார்.